கொட்டகுடி வடமும் கேட்லின்பர்க் நாற்காலியும்

2022 நவம்பர் முதல் வாரம். அட்லாண்டாவிலிருந்து ஸ்மோக்கி மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு, அப்பா கைபேசியில் மோர்பி பாலம் விழுந்த காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். குஜராத்தில் மச்சு ஆற்றின் மேல் இருந்த பழைய தொங்குபாலம். பழுது பார்த்துத் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அக்டோபர் 30 சாயங்காலம் ஆட்களோடு அறுந்து ஆற்றில் விழுந்தது. 135 பேர் செத்துப்போனார்கள். நிறையப் பேர் குழந்தைகள்.

நாங்கள் மறுநாள் போவதாக இருந்ததும் ஒரு தொங்குபாலத்துக்குத்தான். அம்மா அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நான் அந்தப் பாலத்துல கால் வைக்க மாட்டேன். நீங்க போயிட்டு வாங்க, நான் ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்."

அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம், "அங்க வடம் எம்புட்டுக் கனம் இருக்கும் தாயி?" என்று கேட்டார். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அப்பா போடிநாயக்கனூரில் பிறந்து வளர்ந்தவர். ஏன் பாலத்தைப் பற்றிக் கேட்காமல் வடத்தைப் பற்றிக் கேட்டார் என்பது மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

அட்லாண்டாவிலிருந்து நாலு மணி நேரப் பயணம். வட கரோலினாவில் செரோக்கி என்ற ஊரைத் தாண்டினால் 441ஆம் எண் நெடுஞ்சாலை தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து மலை ஏறுகிறது. 1934இல் அமைந்த பூங்கா. நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாயில், 5,046 அடி உயரத்தில், வட கரோலினா, டென்னசி இரண்டு மாநிலங்களின் எல்லை. 1940இல் அதிபர் ரூஸ்வெல்ட் வந்து பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தது அந்த இடத்தில்தான். வண்டியை நிறுத்தி இறங்கினோம். அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "நம்ம மலைய விட உசரம் கம்மிதான்" என்றார். உண்மைதான். இந்தப் பூங்காவின் மிக உயர்ந்த சிகரமே 6,643 அடிதான். கொடைக்கானல் ஊர் ஏறக்குறைய 7,000 அடியில் இருக்கிறது. அந்தச் சிகரத்தை நாங்கள் போனபோது கிளிங்மன்ஸ் டோம் என்றுதான் அழைத்தார்கள். 2024இல் செரோக்கி மக்கள் வைத்த பழைய பெயரான குவோஹி அதற்குத் திரும்பக் கிடைத்தது.

ஆனால் உயரம் குறைந்த மலைகள் என்பது பார்க்கும்போது தோன்றவே தோன்றாது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு வரிசை, போகப்போக நீலம் வெளிறிக்கொண்டே போகும். செரோக்கி மொழியில் 'நீலப் புகை இருக்கும் இடம்' என்று பொருள்படும் பெயர் இந்த மலைகளுக்கு உண்டு என்பார்கள். அது புகை கிடையாது. காட்டு மரங்கள் விடும் ஆவிப்பொருட்கள் காற்றில் கலந்து மிக நுண்ணிய துகள்களாகின்றன. அவற்றில் பட்டு வெளிச்சம் சிதறும்போது நம் கண்ணுக்கு நீலம் அதிகமாகத் தெரிகிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, சின்னமனூரிலிருந்து காலையில் மேகமலையைப் பார்த்தால் இப்படித்தான் கிடக்கும் என்றார். அப்புறம் இறக்கம் முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கேட்லின்பர்க் மலையடிவாரத்தில் ஒரே ஒரு பெரிய தெருவை நம்பி வாழும் சின்ன ஊர். 2020 கணக்கெடுப்புப்படி அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் 4,000 பேர்கூட இல்லை. விடுமுறை நாளில் அந்தத் தெருவில் நடக்கத் தோளை ஒடுக்க வேண்டியிருக்கிறது. மிட்டாய்க் கடைகள், பான்கேக் கடைகள், டி-ஷர்ட் கடைகள். இதையெல்லாம் நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன், எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் மனம் ஒட்டவில்லை. தெருவின் ஓரத்திலேயே ஸ்கைலிஃப்ட் நிலையம். பின்னால் லிட்டில் பிஜன் ஆறு, அதைத் தாண்டினால் உடனே கிராக்கெட் மலையின் சரிவு. மஞ்சள் நாற்காலிகள் ஆற்றைக் கடந்து மரங்களுக்கு மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தன.

பழனி ரோப் காரை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது பெட்டி கிடையாது. கதவு, கூரை, கண்ணாடி எதுவுமே இல்லை. மூன்று பேர் உட்காரும் ஒரு பெஞ்சு, முன்னால் இறக்கிவிடும் ஒரு கம்பி, அவ்வளவுதான். கால்கள் காற்றில் தொங்கும். நாற்காலி வடத்தோடு இறுகப் பிடித்திருக்கிறது, வடமோ நிற்காமல் சுற்றுகிறது. அதனால் நாற்காலி நமக்காக வந்து நிற்காது. பின்னாலிருந்து வந்து முழங்கால் மடிப்பில் தட்டும், அந்த நொடியில் உட்கார்ந்துவிட வேண்டும்.

வரிசையில் நின்றபோது அப்பாவுக்கு இந்த நாற்காலியின் கதையைச் சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1936இல் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரை உருவாக்கிக்கொண்டிருந்தது யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம். சறுக்க வருபவர்களை மலைமேல் எப்படிக் கொண்டு போவது என்று அதன் பொறியாளர்கள் யோசித்தார்கள். அவர்களில் ஜிம் கர்ரன் என்பவர் அதற்கு முன்னால் கப்பலில் வாழைத்தார் ஏற்றும் இயந்திர வேலையில் இருந்தவர். ஓடும் வடத்தில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு தார். கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியை மாட்டினால் என்ன என்பதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை. ஒமாஹா நகரத்தில் லாரியின் பக்கவாட்டில் ஒரு நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டு, நின்றுகொண்டிருக்கும் ஆளை எந்த வேகத்தில் அள்ளினால் அடிபடாது என்று சோதித்துப் பார்த்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே சன் வேலியில் நாற்காலிகள் ஓடத் தொடங்கிவிட்டன.

அங்கே ஓடிய ஆரம்பகால லிஃப்ட் ஒன்றை 4,800 டாலருக்கு வாங்கி மிச்சிகனுக்குக் கொண்டுபோனவர் எவரெட் கிர்ச்சர். பாய்ன் மலையில் பனிச்சறுக்கு இடம் நடத்தியவர். அவர்தான் பிறகு தெற்கே வந்து, அப்போது பனிச்சறுக்கே இல்லாத இந்தக் கேட்லின்பர்க்கில், வெறுமனே மேலே போய் மலையைப் பார்த்துவிட்டு இறங்குவதற்கென்றே ஒரு லிஃப்ட் போட்டார். அது 1954இல்.

அப்பா கேட்டு முடித்ததும், "வாழத்தாரா?" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சின்னமனூர் வாழைத்தார் மண்டியில் பல வருடம் கணக்கு எழுதியவர் அவர். தாரைத் தோளில் ஏற்றும்போது காம்பை எந்தப் பக்கம் பிடிப்பது, லாரியில் அடுக்கும்போது காய் நசுங்காமல் எப்படிச் சருகு போடுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. "தாரு தாங்குன வடம் ஆளத் தாங்காதா?" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முந்தானையை ஸ்வெட்டருக்குள் அடக்கினார். பாலத்துக்கு வரமாட்டேன் என்றாரே தவிர நாற்காலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

நான், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. அடுத்த நாற்காலியில் என் கணவரும் எங்கள் எட்டு வயதுப் பையனும். கம்பி இறங்கியது. கீழே ஆறு நழுவிப் போனது. தெருவின் பாட்டுச் சத்தம், கார் சத்தம், எண்ணெய் வாசனை எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. தூணைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் உருளைகளின் மேல் வடம் ஏறி இறங்கும் கடகட ஒலி. அது முடிந்ததும் மறுபடி அமைதி. 500 அடி உயரம் ஏறுகிறது. வேகம் என்று சொல்ல முடியாது, அப்படி ஒரு நிதானம். எனக்கு இந்த நிதானம்தான் இங்கே எல்லாவற்றையும்விடப் பிடித்தது. மலையேற்றத்தில் கண் பாதையில் இருக்கும், காரில் மலை ஓடிவிடும். இதில் நமக்குச் செய்ய ஒன்றுமில்லை, பார்ப்பதைத் தவிர.

முக்கால்வாசி தூரத்தில் லிஃப்ட் நின்றது. மேலே யாரோ இறங்கத் தடுமாறினால் சற்று நிறுத்துவார்கள், சாதாரணமாக நடப்பதுதான். நாற்காலி முன்னும் பின்னும் லேசாக ஆடி அடங்கியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா தலையை நிமிர்த்தி வடத்தையே பார்த்தார்.

"கொட்டகுடில இப்படித்தான் பெட்டி தொங்கிட்டு நிக்குமாம். எங்க தாத்தா சொல்லுவாரு."

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அதற்கப்பால் செங்குத்தான பள்ளம். அங்கிருந்து வடத்தில் தொங்கவிட்டு ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. அந்தத் தேயிலைதான் பிறகு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. நடுவழியில் இருக்கும் சிறு குடியிருப்பை இன்றைக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள். குரங்கணி போனவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் நான் படித்தது. அப்பாவின் தாத்தா கொட்டகுடியில் வண்டிமாடு வைத்துப் பெட்டி ஏற்றியவர் என்பதை அன்றைக்குத்தான், டென்னசியில் அந்தரத்தில் தொங்கியபடி, முதல்முதலாகக் கேட்டேன். மேலே மலை முகட்டில் மேகம் இறங்கிவிட்டால் வடம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதாம். வெள்ளைக்குள்ளிருந்து பெட்டி ஒவ்வொன்றாக முளைத்து வருமாம். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்களாம். "ஆளு ஏறக் கூடாதுன்னு தொரைமாரு உத்தரவு. தாத்தாவுக்குச் சாகுற வரைக்கும் அதுல ஒருக்கா ஏறிப் பாக்கணும்னு ஆச இருந்துச்சு தாயி."

நாற்காலி மறுபடி நகர்ந்தது. அம்மா என் கையை விடவில்லை.

கடைசித் தூண்களை நெருங்கும்போது காலடியில் இருந்த காடு மாறிவிட்டது. இளஞ்செடிகள் நெருக்கமாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அவற்றுக்கு நடுவே அங்கங்கே கருகிய மரங்கள், பட்டை உரிந்து, கிளை இல்லாமல். பையன் பின்னாலிருந்து, "தாத்தா, அந்த மரம் ஏன் கறுப்பா இருக்கு?" என்று கத்தினான்.

2016 நவம்பர் 23, பூங்காவுக்குள் சிம்னி டாப்ஸ் என்ற முகட்டில் தீ. பல மாத வறட்சியில் காடு சருகாகக் காய்ந்திருந்தது. 28ஆம் தேதி மலைக்காற்று புயலாக மாறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வேகம் பதிவானது. மரங்கள் மின்கம்பிகளின் மேல் விழுந்து ஊருக்குள்ளும் புதுப்புது இடங்களில் தீப்பிடித்தது. ஒரே இரவில் கேட்லின்பர்க்கும் சுற்று வட்டாரமும் எரிந்தன. 14 பேர் இறந்தார்கள். வீடுகளும் கட்டடங்களுமாக 2,400க்கு மேல் சேதம். இந்த ஸ்கைலிஃப்ட்டின் மேல் நிலையமும் அதில் போனது. பெரிய தெரு பிழைத்தது. மறு வருடமே லிஃப்ட்டைத் திரும்ப ஓடவிட்டார்கள். அதற்கும் இரண்டு வருடம் கழித்து, 2019 மே மாதம், தீ தின்ற அதே மலையில் தொங்குபாலத்தைத் திறந்தார்கள்.

பாலத்தின் பெயர் ஸ்கைபிரிட்ஜ். 680 அடி நீளம். நடுவில் நின்றால் கீழே பள்ளம் 140 அடி. திறந்தபோது வட அமெரிக்காவிலேயே நீளமான பாதசாரித் தொங்குபாலம் என்று அறிவித்தார்கள். நடுப்பகுதியில் பலகைக்குப் பதிலாகக் கண்ணாடி. படத்தில் பார்த்தபோது எனக்கு அதன் மேல் பெரிய ஈர்ப்பு இருக்கவில்லை. எல்லா மலையூர்களிலும் இப்போது கண்ணாடிப் பாலம் கட்டுகிறார்கள். பயமுறுத்திக் காசு பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அப்பா பாலத்தின் வாயில் நின்றுவிட்டார். நேராக நடக்காமல் பக்கவாட்டுக்குப் போய், முறுக்கிய எஃகுக் கம்பிகள் பாறைக்குள் இறங்கும் இடத்தை எட்டிப் பார்த்தார். கையால் அளந்து பார்க்க முடியாத தூரம், கண்ணால் அளந்தார். "கனமாத்தான் இருக்கு. துரு இல்ல" என்றார். மோர்பியில் விசாரணைக் குழு முதலில் சொன்ன விஷயங்களில் ஒன்று, வடத்தின் இழைகளில் பாதியளவு துருப்பிடித்து ஏற்கெனவே அறுந்து கிடந்தன என்பது. அந்த அறிக்கை வெளியே வந்தது 2023இல். அப்பா கேட்ட கேள்வி அதற்கு மூன்று மாதம் முந்தியது.

அம்மா சொன்னபடியே நின்றுகொண்டார். அவருக்கு இன்னொரு வழி இருந்தது. பாலத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து மலையை ஒட்டியே மரநடைபாதை போட்டிருக்கிறார்கள். பாலம் வேண்டாம் என்பவர்கள் அதன் வழியாகச் சுற்றி அக்கரைக்கு வந்துவிடலாம். இப்படி ஒரு வழி வைத்ததற்காகவே இந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது. பயப்படுகிறவர்களை ஓரமாக உட்காரச் சொல்லவில்லை. என் கணவர் அம்மாவோடு போனார்.

நானும் அப்பாவும் பையனும் பாலத்தில் நடந்தோம். ஆடியது. நிறையப் பேர் எதிரும் புதிருமாக வரும்போது ஆட்டம் கணுக்காலில் தொடங்கி இடுப்புக்கு ஏறும். ஆடாமல் விறைப்பாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தொங்குபாலம் அசைந்து கொடுத்துத்தான் பாரத்தைத் தாங்குகிறது. பையன் கண்ணாடியில் ஓடப் பார்த்தான், பிடித்து நிறுத்தினேன். 2020 ஜூனில் ஒருவர் பேஸ்பால் ஆட்டக்காரர்போல இந்தக் கண்ணாடியில் சறுக்கப்போய், உடையில் இருந்த உலோகம் பட்டு ஒரு பலகை விரிசல் விட்டது. விரிந்தது மேலே போட்டிருந்த காப்பு அடுக்குதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியை மாற்றிவிட்டார்கள்.

நடுவில் அப்பா நின்றார். கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கவில்லை. எதிர்ச் சரிவைப் பார்த்தார். பெரிய தெருவும் ஆறும் ஒரு பக்கம், லகான்ட் சிகரம் அதற்குப் பின்னால், இலையெல்லாம் துரு நிறத்திலும் மஞ்சளிலும். அந்த நிறத்துக்குள்ளே எரிந்த மரங்கள் குச்சிகளாக நின்றன.

"குரங்கணியில அப்ப இப்படித்தான் கிடந்துச்சு" என்றார்.

2018 மார்ச் 11. மலையேற்றத்துக்கு வந்தவர்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். காய்ந்த புல், காற்று, ஓட இடமில்லாத சரிவு. 20க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், எல்லாம் இளவயசு. அன்று இரவு போடி அரசு மருத்துவமனை வாசலில் ஊரே நின்றது, அப்பாவும் நின்றிருக்கிறார். நான் அப்போது இங்கே அட்லாண்டாவில் இருந்தேன். தொலைபேசியில் கேட்டபோது, "ஒண்ணுமில்ல தாயி, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். அந்த இரவைப் பற்றி நாலரை வருடம் கழித்து இந்தப் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு பேசினார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூட்டம் தானாக விலகி வழிவிட்டதையும், விடியும்வரை யாரும் வீட்டுக்குப் போகாததையும் சொன்னார். யாருக்கும் யாரையும் தெரியாது. ஆனால் நம்ம மலையில் வந்து இப்படி ஆகிவிட்டதே என்று எல்லோருக்கும் ஒரு குற்றவுணர்ச்சி. ஆட்கள் எங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பாலம் ஆடிக்கொண்டே இருந்தது. பையன் தாத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

கண்ணாடிப் பாலத்தைப் பற்றி முன்பு எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இப்படி ஒரு மலையின் முகத்துக்கு நேரே, அந்தரத்தில், நின்று பேசக் கிடைக்கும் இடங்கள் அதிகம் இல்லை.

அக்கரையில் அம்மா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் நாலு முனையோடு அகலமாக ஒரு மஞ்சள் இலை. துலிப் மரத்தின் இலை. டென்னசியின் மாநில மரம் அது. "கீழ கிடந்துச்சு, பூவரசு மாதிரியும் இருக்கு, இல்லாமலும் இருக்கு" என்றார். இந்த மலை முகடுகளில் டேபிள் மவுண்டன் பைன் என்று ஒரு வகை உண்டு. அதன் காய்கள் பிசினால் மூடிக் கிடக்கும். சூடு பட்டால்தான் நன்றாக விரிந்து விதையைக் கொட்டும். 2016 தீக்குப் பிறகு முகடுகளில் அதன் கன்றுகள் முளைத்தன. நான் இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப அதுக்குத் தீ வேணும்" என்றார். அம்மா உடனே, "மரத்துக்கு வேணும். மனுசருக்கு?" என்று கேட்டார். அதற்கு எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

இறங்கும்போது சாயங்காலம் ஐந்தரை. போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏறும்போது எதிரே மலைச்சரிவு மட்டும்தான், பெரிய மலைகள் முதுகுப்பக்கம் இருந்துவிடும். இறங்கும்போதுதான் எல்லாம் முன்னால் திறக்கும். அதனால் வெளிச்சம் இருக்கும்போது இறங்குங்கள். நீல வரிசைகள் ஒவ்வொன்றாக இருட்டிக்கொண்டு வந்தன. கீழே தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. அம்மா இந்த முறை என் கையைப் பிடிக்கவில்லை, இலையைப் பிடித்திருந்தார். எங்களுக்கு எதிரே காலி நாற்காலிகள் மேலே ஏறிப்போய்க்கொண்டிருந்தன.

கீழே பணியாள் கம்பியைத் தூக்கினார். மூன்று பேரும் இறங்கிப் பக்கவாட்டில் ஒதுங்கினோம். நாற்காலி நிற்காமல் பெரிய சக்கரத்தைச் சுற்றித் திரும்பியது. அது எங்களைத் தாண்டும்போது அப்பா கையை நீட்டி, அதன் முதுகில் இரண்டு தடவை தட்டிக் கொடுத்தார், வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட மாட்டைத் தட்டுவதுபோல. அது ஆற்றைக் கடந்து மேலே போனது.